எல்ஆர் 503: 213 முறை போருக்குப் புறப்பட்ட மாஸ்கிட்டோ (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் குண்டுவீச்சு விமானங்களில் மிக அதிகமான தாக்குதல் பயணங்களை முடித்தது எது என்று கேட்டால், பெரும்பாலோர் பிரிட்டனின் லங்காஸ்டரையோ அமெரிக்காவின் பறக்கும் கோட்டையையோ (பி-17) சொல்வார்கள். அந்தப் பெருமை ஒரு சிறிய மர விமானத்துக்கு உரியது. அதன் பிறப்பு, வேலை, முடிவு ஆகியவற்றைப் பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை.

எல்ஆர் 503 எந்த வகை விமானம்?

பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் உருவாக்கிய மாஸ்கிட்டோ வகையைச் சேர்ந்த இலகுரகக் குண்டுவீச்சு விமானம். அந்த வகையிலும் ஒன்பதாம் மார்க், அதாவது ஒன்பதாம் பதிப்பு. இரண்டு இன்ஜின், இரண்டே பேர்: இடப்பக்கம் விமானி, அவருக்கு வலப்பக்கம் சற்றுப் பின்தள்ளி வழி கணிக்கும் நேவிகேட்டர். ஒன்பதாம் மார்க் விமானங்கள் மொத்தம் 54 மட்டுமே கட்டப்பட்டன. மாஸ்கிட்டோ குடும்பம் முழுவதும் 7,700-க்கு மேல் என்பதோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய எண்ணிக்கை. உயரத்தில் வலுக் குறையாமல் ஓடும் இருகட்ட சூப்பர்சார்ஜர் பொருத்திய ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜின்கள் மாஸ்கிட்டோ குண்டுவீச்சு விமானங்களுக்கு முதலில் கிடைத்தது இந்த மார்க்கில்தான். பின்னால் வரும் கதை முழுவதும் இந்த ஒரு மாற்றத்தைச் சார்ந்தே நிற்கிறது.

‘எஃப் ஃபார் ஃப்ரெடி’ என்ற பெயர் எப்படி வந்தது?

எல்ஆர் 503 என்பது தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போதே கொடுக்கப்பட்ட தொடர் எண். ஆயுள் முழுவதும் அது மாறாது. மாறக்கூடியது விமானத்தின் பக்கவாட்டில் பெரிதாக எழுதப்படும் எழுத்துகள். முதல் இரண்டு எழுத்துகள் ஸ்குவாட்ரன் என்ற விமானப்படைப் பிரிவைக் குறிக்கும். மூன்றாவது எழுத்து அந்த ஸ்குவாட்ரனுக்குள் இந்த விமானத்தைக் குறிக்கும்.

எல்ஆர் 503 முதலில் 109-ஆம் ஸ்குவாட்ரனில் பறந்தது. பிறகு 105-ஆம் ஸ்குவாட்ரனுக்குப் போனது. 105-இன் எழுத்துகள் ‘ஜிபி’. இதற்குக் கிடைத்தது ‘எஃப்’. வானொலியில் எழுத்துகளைத் தெளிவாகச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்திருந்தார்கள், எஃப்-க்கு ‘ஃப்ரெடி’. ஆகவே எந்த ஸ்குவாட்ரனிலும் ஒரு ஃப்ரெடி இருக்கலாம். ஒன்று விழுந்தால் அடுத்த விமானம் அதே எழுத்தைச் சுமக்கும். 1941-இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆவணப்படத்தில் வரும் வெலிங்டன் விமானமும் ஒரு ‘எஃப் ஃபார் ஃப்ரெடி’தான். இணையத்தில் இரண்டையும் குழப்பி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். தேடும்போது பெயரை நம்பாமல் தொடர் எண்ணையே பிடித்துக்கொள்ள வேண்டும்.

குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கியே இல்லை என்பது உண்மையா?

உண்மை. ஒரே ஒரு இயந்திரத் துப்பாக்கிகூடக் கிடையாது.

1930-களின் இறுதியில் இது ஏறத்தாழ மதவிரோதமான கருத்து. குண்டுவீச்சு விமானம் என்றால் முன்னும் பின்னும் மேலும் சுழலும் துப்பாக்கி மேடைகள் இருக்க வேண்டும் என்பதே விதி. ஜெஃப்ரி டி ஹாவிலண்டும் தலைமை வடிவமைப்பாளர் ஆர்.இ. பிஷப்பும் கணக்கை வேறு விதமாகப் போட்டார்கள். துப்பாக்கி, அதைச் சுழற்றும் மேடை, தோட்டாக்கள், சுடுபவர்கள், அவர்களுக்கான ஆக்சிஜன், இத்தனையையும் தூக்க வேண்டிய கூடுதல் எரிபொருள் என ஒரு எடை இன்னொரு எடையை இழுத்து வருகிறது. அனைத்தையும் நீக்கிவிட்டால் துரத்திப் பிடிக்க முடியாத வேகம் கிடைக்கும். அந்த வேகமே கவசம். அதிகார வர்க்கத்தில் இதை நம்பியவர்கள் குறைவு. வில்ஃபிரட் ஃப்ரீமன் என்ற விமானப்படை உயர் அதிகாரி நம்பினார், ஆதரித்தார். அதற்காக ‘ஃப்ரீமனின் மடமை’ என்ற ஏளனத்தையும் வாங்கிக்கொண்டார்.

லண்டனுக்கு வடக்கே சால்ஸ்பரி ஹால் என்ற பழைய மாளிகையில் வடிவமைக்கப்பட்ட முதல் மாதிரி, 1940 நவம்பர் 25 அன்று ஹாட்ஃபீல்டில் பறந்தது. அது இன்றும் சால்ஸ்பரி ஹாலில் உள்ள அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஃப்ரீமனின் பிடிவாதம் எத்தனை விமானிகளை வீடு திரும்ப வைத்தது என்பதை அடுத்த ஐந்து ஆண்டுகள் காட்டின.

மரத்தால் ஏன் செய்தார்கள்? பணப் பற்றாக்குறையா?

அலுமினியத்துக்கும் உலோக வேலை தெரிந்தவர்களுக்கும் வரப்போகும் தட்டுப்பாடு ஒரு காரணம். போரில் ஈடுபடாமல் இருந்த மேசை நாற்காலி செய்யும் தச்சர்கள், பியானோ செய்பவர்கள், கோச்சு வண்டி கட்டுபவர்கள் ஆகியோரை விமான உற்பத்திக்குள் கொண்டுவர முடிந்தது. ஆனால் இதை வறுமையின் தீர்வாக மட்டும் பார்ப்பது தவறு. மரத்தில் பொறியியல் ஆதாயம் இருந்தது.

உடற்கூடு இரண்டு பாதிகளாக, நீளவாக்கில் பிளந்த வடிவில் செய்யப்பட்டது. அச்சின் மேல் பர்ச் மரத்தின் மெல்லிய பிளைவுட், அதன் மேல் எக்வடாரிலிருந்து வந்த பால்சா, அதற்கு மேல் மீண்டும் பர்ச் பிளைவுட். பசை காய்ந்தபின் இந்த மூன்றடுக்கு ஓடு எடை குறைவாகவும் விறைப்பாகவும் ஆகிவிடும். பாதி ஓடுகள் திறந்து கிடக்கும்போதே உள்ளே குழாய்களையும் கம்பிகளையும் பொருத்தி, பிறகு இரண்டையும் சேர்த்து ஒட்டினார்கள். இறக்கை ஒரே துண்டு; முதுகெலும்பு ஸ்ப்ரூஸ் மரம். மேற்பரப்பில் ஆணித்தலை இல்லை, விளிம்பு இல்லை. காற்று வழுக்கிக்கொண்டு ஓடியது. மெர்லினின் குதிரைத்திறன் வீணாகாமல் வேகமாக மாறியது. ஒன்பதாம் மார்க் மணிக்கு ஏறத்தாழ 400 மைல் வேகத்தைத் தொட்டது.

213 என்ற எண்ணை நம்பலாமா? மற்ற விமானங்களோடு ஒப்பிட்டால் எப்படி?

நம்பலாம். ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் எந்த நாளில், எந்த விமானம், யார் கையில், எத்தனை மணிக்குப் புறப்பட்டு எத்தனை மணிக்குத் திரும்பியது என்று செயற்பாட்டுப் பதிவேடு எழுதியது. 213 என்பது 109, 105 ஆகிய இரண்டு ஸ்குவாட்ரன்களிலும் சேர்த்து வரும் கூட்டுத்தொகை. 1943-இன் நடுவில் தொடங்கி 1945 ஏப்ரல் வரை, மாதத்துக்கு ஒன்பது என்ற அளவில் வருகிறது.

லங்காஸ்டர் விமானங்களில் நூறு பயணங்களைத் தாண்டியவை முப்பத்தைந்து அளவில்தான். அவற்றில் முதலிடம் ஈடி 888 என்ற தொடர் எண் கொண்ட விமானத்துக்கு: 140 பயணங்கள். அமெரிக்கத் தரப்பில் ‘ஃப்ளாக் பெய்ட்’ என்ற மராடர் விமானம் 200-ஐத் தாண்டியது. அது நடுத்தர வகைக் குண்டுவீச்சு விமானம். பகல் வெளிச்சத்தில், பீரங்கிக் குண்டுகள் எட்டும் உயரத்தில் பறந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட துளைகளை வாங்கியது. இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது.

எண்களை வரிசைப்படுத்தி ‘எது வீரமானது’ என்று தீர்ப்பு சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு லங்காஸ்டரின் 140 பயணங்கள், ஆபத்தின் அளவில் ஒரு மாஸ்கிட்டோவின் 213-ஐவிடப் பெரியவை. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் லங்காஸ்டர்கள் நூறு முறை புறப்பட்டால் இரண்டுக்கு மேற்பட்டவை திரும்பாமல் போயின. மாஸ்கிட்டோக்களின் இழப்பு நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவு. எல்ஆர் 503-இன் சாதனையை விமானத்தின் வடிவம், அது செய்த வேலை, அதைப் பராமரித்தவர்களின் உழைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த பலனாகப் புரிந்துகொள்வதே நியாயம்.

அப்படி என்ன வேலை செய்தது? 213 முறையும் குண்டு போட்டதா?

இதுதான் கதையின் மையம். எல்ஆர் 503 பணியாற்றிய இரண்டு ஸ்குவாட்ரன்களும் பாத்ஃபைண்டர் படையைச் சேர்ந்தவை. ஆஸ்திரேலியரான டான் பென்னட் தலைமை வகித்த அந்தப் படையின் பணி, இருட்டில் இலக்கைக் கண்டுபிடித்து அதன் மேல் வண்ணத் தீப்பந்தங்களைப் போடுவது. பின்னால் வரும் நூற்றுக்கணக்கான கனரக விமானங்கள் அந்த வண்ணத்தைக் குறிவைத்துக் குண்டு போடும். வழிகாட்டியின் தீப்பந்தம் தவறான இடத்தில் விழுந்தால் அந்த இரவின் மொத்தத் தாக்குதலும் தவறான இடத்தில் விழும்.

மேகமும் புகையும் தொழிற்சாலை மூட்டமும் மூடிய, ஜெர்மனியின் தொழிற்பகுதியான ரூர் பள்ளத்தாக்கில் இலக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கான விடை ‘ஓபோ’ என்ற ரேடியோ முறை. அலெக் ரீவ்ஸ், ஃபிராங்க் ஜோன்ஸ் ஆகிய இருவரும் உருவாக்கியது. இங்கிலாந்தின் கரையில் இரண்டு தரைநிலையங்கள்: நார்ஃபோக்கில் ட்ரிமிங்காம், கென்ட்டில் வால்மர். ஒன்றுக்குப் ‘பூனை’ என்றும் மற்றொன்றுக்கு ‘எலி’ என்றும் பெயர்.

பூனை நிலையத்திலிருந்து இலக்கு எவ்வளவு தொலைவு என்பது முன்பே துல்லியமாகக் கணக்கிடப்பட்டிருக்கும். அதே தொலைவு மாறாமல் ஒரு வட்டத்தின் வில்லில் மாஸ்கிட்டோ பறக்க வேண்டும். விமானத்தில் உள்ள கருவி நிலையத்தின் ரேடியோத் துடிப்பை வாங்கித் திருப்பி அனுப்பும். போய்வர ஆகும் நேரத்தை வைத்து நிலையம் தொலைவை அளக்கும். விமானி வில்லிலிருந்து ஒரு பக்கம் விலகினால் காதில் புள்ளி ஒலிகள் கேட்கும், மறுபக்கம் விலகினால் கோட்டொலிகள். சரியான பாதையில் இருந்தால் இடைவிடாத ஒரே சுருதி. எலி நிலையம் நேவிகேட்டரோடு பேசும்: இலக்கு நெருங்க நெருங்க ஏ, பி, சி, டி என்று எழுத்துகள் வரும். கடைசியில் சில புள்ளிகள், ஒரு கோடு. அந்தக் கோட்டொலி நின்ற கணத்தில் நேவிகேட்டர் பொத்தானை அழுத்துவார். கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவே வேண்டியதில்லை. முந்தைய ஆண்டுகளில் மைல் கணக்கில் தவறிய குண்டுகள், இந்த முறையில் சில நூறு கெஜ தூரத்துக்குள் விழுந்தன.

இதற்கு விலை உண்டு. ஏறத்தாழ பத்து நிமிடம் நேர்கோடு போன்ற ஒரே பாதையில், ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் பறக்க வேண்டும். சுற்றிலும் பீரங்கிக் குண்டு வெடித்தாலும் விலகக் கூடாது. விலகினால் சுருதி போய்விடும். மேலும் ஒரு சோடி நிலையங்கள் ஒரு நேரத்தில் ஒரே விமானத்தை மட்டுமே வழிநடத்த முடியும். கருவி பழுதாகி ஒருவர் திரும்பிவிட்டால், இன்னொருவர் உடனே இடத்தை நிரப்ப வேண்டும். இதனால்தான் இந்தப் படைகளில் நேரம் தவறாமை கிட்டத்தட்ட மதமாகவே இருந்தது.

சில இரவுகளில் மாஸ்கிட்டோக்கள் தீப்பந்தங்களுக்குப் பதிலாகக் குண்டுகளையே எடுத்துச் சென்று, தொழிற்சாலை, இரும்பு உலை போன்ற சிறிய இலக்குகளைத் தாமே தாக்கின. ஆகவே 213-இல் இரண்டு வகைப் பயணங்களும் அடங்கும்.

ஓபோ வேலைக்கு ஏன் மாஸ்கிட்டோதான் தேவைப்பட்டது?

ரேடியோ அலை நேர்கோட்டில் போகிறது, பூமி வளைந்திருக்கிறது. விமானம் எவ்வளவு உயரமோ, நிலையத்தால் அதை அவ்வளவு தொலைவில் ‘பார்க்க’ முடியும். 28,000 அடியில் அந்த எல்லை ஏறத்தாழ 450 கிலோமீட்டர். அதாவது எஸன், டியூஸ்பர்க், டோர்ட்முண்ட் என்று ரூர் முழுவதும், அருகிலுள்ள கொலோனும் கைக்குள் வரும், பெர்லின் வராது. குண்டு நிரம்பிய லங்காஸ்டர் அந்த உயரத்துக்கு ஏறாது. மாஸ்கிட்டோ ஏறியது. இருகட்ட மெர்லின் பொருத்திய ஒன்பதாம் மார்க் இன்னும் மேலே சென்றது. அதனால்தான் கட்டப்பட்ட 54 விமானங்களுக்கும் அவ்வளவு மதிப்பு.

ஒன்பதாம் மார்க்கில் காற்றழுத்தம் ஏற்றப்பட்ட விமானியறை கிடையாது. அந்த வசதி பதினாறாம் மார்க்கில்தான் வந்தது. எல்ஆர் 503-இன் குழுவினர் எவரெஸ்ட் சிகரத்துக்கு நெருங்கிய உயரத்தில், ஆக்சிஜன் முகமூடி மட்டும் துணையாக, மெல்லிய காற்றில் மூட்டு வலியையும் வயிற்று உப்புசத்தையும் பொறுத்துக்கொண்டு வேலை செய்தார்கள். ‘பாதுகாப்பான விமானம்’ என்று சொல்லிக் கடந்துபோகும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இத்தனை முறை எப்படித் தப்பியது?

வேகமும் உயரமும் பற்றி மேலே சொன்னேன். ஜெர்மனியின் பெரும்பாலான இரவுச் சண்டை விமானங்கள் ராடார் கொம்புகளையும் கூடுதல் ஆட்களையும் சுமந்தன. மாஸ்கிட்டோவைப் பிடிக்கும் வேகம் அவற்றுக்கு இல்லை. போரின் கடைசி மாதங்களில் ஜெட் விமானங்கள் இரவு வானில் வந்த பிறகே நிலைமை சற்று மாறியது. அதற்குள் ஜெர்மனியிடம் எரிபொருளும் இல்லை, நேரமும் இல்லை.

இன்னொரு காரணம் பயணத்தின் நீளம். ரூர் சென்று திரும்ப மாஸ்கிட்டோவுக்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும். எதிரி வானில் இருக்கும் நேரம் குறைவு.

இவற்றுக்குச் சமமாக நான் வைப்பது தரைக் குழுவினரை. மழையிலும் பனியிலும் திறந்த வெளியில் நிற்கும் மர விமானத்தில் ஈரம் இறங்காமல் பார்க்க வேண்டும். இன்ஜின்களைக் குறித்த மணிநேரத்தில் மாற்ற வேண்டும். ஓபோ கருவியைச் சோதிக்க வேண்டும். 213 முறை புறப்பட்டது என்றால், 213 முறை யாரோ ஒருவர் ‘இது பறக்கத் தகுதியானது’ என்று கையெழுத்திட்டிருக்கிறார். மூக்கில் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு சிறிய குண்டுப் படம் வரைந்து வரிசை வரிசையாக நிரப்பியவர்களும் அவர்களே. அந்தப் புகைப்படம்தான் இந்த விமானத்துக்குப் புகழ் சேர்த்தது. படத்தை வரைந்த கைகளின் பெயர்கள் விமானிகளின் பெயர்களைப் போல் பரவவில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஒரே விமானியா ஓட்டினார்?

இல்லை. பாத்ஃபைண்டர் படையில் ஒரு பணிச்சுற்று, அதாவது ஒருவர் ஒரு தவணையில் முடிக்க வேண்டியது, 45 பயணங்களே. விமானங்கள் ஒரு குழுவுக்குச் சொந்தமானவை அல்ல. அன்றைய பட்டியலில் யார் பெயருக்கு நேரே எந்த எழுத்து எழுதப்பட்டதோ, அவர் அதை எடுத்துச் செல்வார். எல்ஆர் 503-ஐப் பல குழுவினர் ஓட்டியிருக்கிறார்கள். பின்னால் சொல்லப்போகும் கனடா விபத்தில் அதோடு உயிரிழந்த இருவரும் 213 பயணங்களையும் செய்தவர்கள் என்று சில இடங்களில் எழுதப்படுகிறது. அது தவறு.

குண்டு விழுந்த இடங்களில் இருந்த மக்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் இந்த விமானத்தின் வரலாற்றை எழுத முடியாது. துல்லியமான தீப்பந்தம் என்றால் துல்லியமான அழிவு. ஓபோ மாஸ்கிட்டோக்கள் வழிகாட்டிய தாக்குதல்களில் ஒன்று 1943 மே 29 இரவு வுப்பர்டால் நகரின் பார்மென் பகுதியில் நடந்தது. ஒரே இரவில் ஏறத்தாழ 3,400 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் படைவீரர்கள் அல்ல. ரூர் நகரங்கள் அந்தக் கோடையில் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன.

மறுபக்கத்தில் பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படை இழந்தவர்கள் 55,573 பேர். நாஜி ஆட்சி வீழ வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதே சமயம் நகரங்களைக் குறிவைத்த முறையை வெறும் ‘அக்காலத் தேவை’ என்று மூடிவிடவும் மனம் ஒப்பவில்லை. மூக்கில் வரைந்த ஒவ்வொரு சிறிய குண்டின் கீழும் ஏதோ ஒரு ஊர் இருந்தது.

நார்மண்டி படையிறக்கத்தில் இந்த ஸ்குவாட்ரன்களுக்குப் பங்கு உண்டா?

பெரிய பங்கு உண்டு. 1944 வசந்தத்தில் பிரான்சின் ரயில் சந்திப்புகளைத் தாக்கும்போது, அருகில் குடியிருந்த பிரெஞ்சு மக்களைக் காக்க ஓபோவின் துல்லியம் தேவைப்பட்டது. அப்படியும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. ஜூன் 5 நள்ளிரவுக்குப் பின், கரையோரத்தில் இருந்த பத்து பீரங்கித் தளங்களைத் தாக்க 105, 109 ஸ்குவாட்ரன்களின் மாஸ்கிட்டோக்கள் குறி போட்டன. 105 அப்போது கேம்பிரிட்ஜ் அருகே உள்ள போர்ன் தளத்தில் இருந்தது. அதற்கு முன்பு மார்ஹாம்.

கடைசித் தாக்குதல் எங்கே?

1945 ஏப்ரல் 10 அன்று லைப்சிக் நகரின் ரயில் நிலையப் பகுதி. 213-ஆவது பயணம்.

லைப்சிக் இங்கிலாந்திலிருந்து ஓபோ எட்டும் தொலைவுக்கு மிக அப்பால் இருக்கிறது. பிறகு எப்படி? படைகள் ஐரோப்பாவுக்குள் முன்னேற முன்னேற, லாரிகளில் ஏற்றிச் செல்லக்கூடிய ஓபோ நிலையங்களும் பின்னாலேயே சென்றன. முதலில் பிரான்ஸ், பெல்ஜியம், பிறகு ஜெர்மனி. போரின் முன்னணி எங்கே நகர்ந்தது என்பதை இந்த ஒரு விமானத்தின் இலக்குப் பட்டியலைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

போர் முடியும் நேரத்தில் கனடாவுக்கு ஏன் அனுப்பினார்கள்?

கடன் பத்திரம் விற்க. போர்ச் செலவுக்காகக் கனடா அரசு மக்களிடம் ‘வெற்றிக் கடன்’ திரட்டியது. 1945 வசந்தத்தில் நடந்தது எட்டாவது சுற்று. சாதனை படைத்த மாஸ்கிட்டோ நகரம் நகரமாகப் பறந்து காட்டினால் மக்கள் திரண்டு வருவார்கள் என்று கணக்கிட்டார்கள்.

தேர்வு பொருத்தமானது. டொரண்டோ அருகே டவுன்ஸ்வியூ ஆலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாஸ்கிட்டோக்கள் கட்டப்பட்டன. விமானத்துக்கு வேண்டிய மரத்தில் ஒரு பகுதி கனடாவின் காடுகளிலிருந்து போனது. பத்திரம் வாங்கிய கனடியர்களுக்கு அது அயல்நாட்டுப் பொருளாகத் தோன்றியிருக்காது. எல்ஆர் 503-ஐ அட்லாண்டிக் கடந்து கொண்டுபோனவர்கள் விமானி மாரிஸ் பிரிக்ஸ், நேவிகேட்டர் ஜான் பேக்கர். பிரிக்ஸிடம் மூன்று வீரப் பதக்கங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று அதிகாரி தரத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் தரப்படுவது. அடிமட்டத்திலிருந்து உயர்ந்தவர் என்பதற்கு அதுவே சான்று. பேக்கருக்கு ஒரே பதக்கம் இருமுறை.

1945 மே 10 அன்று என்ன நடந்தது?

ஐரோப்பாவில் போர் மே 8 அன்று முடிந்தது. மறுநாள் எல்ஆர் 503 ஆல்பர்ட்டா மாகாணத்தில் உள்ள கால்கரிக்கு வந்தது. வெற்றிக் களிப்பில் இருந்த நகரத்தின் மேல் தாழப் பறந்து வட்டமிட்டது; மக்கள் தெருவுக்கு வந்து பார்த்தார்கள்.

மே 10 பிற்பகல் கால்கரி விமான நிலையத்தின் மேல் மீண்டும் தாழ்ந்து, முழு வேகத்தில் வந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தை மிக நெருக்கமாகக் கடந்தபோது, கூரையில் நிறுவப்பட்டிருந்த கம்பத்தில் இறக்கை மோதி முறிந்தது. விமானம் சற்றுத் தள்ளி விழுந்து சிதறியது. பிரிக்ஸும் பேக்கரும் அங்கேயே இறந்தார்கள். பீரங்கிகளும் ராடாரும் இரண்டு ஆண்டுகள் முயன்று செய்ய முடியாததை, போர் முடிந்த இரண்டாம் நாள் ஒரு கம்பம் செய்துவிட்டது.

மரம் என்பதால்தான் உடைந்ததா?

இல்லை. அந்த வேகத்தில் கம்பத்தில் மோதினால் அலுமினிய இறக்கையும் முறிந்திருக்கும். விபத்தின் காரணம் உயரம். தாழப் பறந்து காட்டுவது அன்றைய விளம்பரப் பயணங்களின் எதிர்பார்ப்பாகவே இருந்தது. கூட்டம் கேட்டது, ஏற்பாட்டாளர்கள் விரும்பினார்கள், பல நூறு மணி நேரம் ஆபத்தில் பறந்தவர்களுக்கு அது எளிதாகத் தோன்றியது. பழியை முழுவதும் விமானியின் தலையில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நம் வெப்பத்திலும் ஈரத்திலும் மாஸ்கிட்டோக்கள் தாங்கினவா?

எல்ஆர் 503 கிழக்கே வரவில்லை. ஆனால் மற்ற மாஸ்கிட்டோக்கள் இந்தியாவில் இருந்து பர்மா போர்முனைக்குப் பறந்தன. 1944-இன் இறுதியில் சில விமானங்கள் நடுவானில் முறிந்ததால், அங்கிருந்தவை பறக்காமல் நிறுத்தப்பட்டுச் சோதிக்கப்பட்டன. பருவமழையும் வெயிலும் பசையைக் கெடுத்தனவா, ஆலையில் ஒட்டியதிலேயே குறையா என்ற விவாதம் எழுந்தது. இரண்டு பக்கத்துக்கும் சான்றுகள் கூறப்பட்டன. பாலிலிருந்து எடுக்கும் கேசின் பசைக்குப் பதிலாக, கேம்பிரிட்ஜ் அருகே டக்ஸ்ஃபோர்டில் நார்மன் டி புருயின் உருவாக்கிய செயற்கைப் பசை ஈரத்தை மேலும் நன்றாகத் தாங்கியது.

எல்ஆர் 503-ஐ இன்று எங்காவது பார்க்க முடியுமா?

முழு விமானமாக இல்லை. மாஸ்கிட்டோ எப்படி இருந்தது என்று கால்கரிப் பகுதியில் பார்க்க விரும்பினால், அருகிலுள்ள நான்டன் ஊரின் குண்டுவீச்சுப் படை அருங்காட்சியகத்தில் ஆர்எஸ் 700 என்ற வேறொரு மாஸ்கிட்டோ இருக்கிறது. அது போருக்குப் பின் கனடாவை வானிலிருந்து படம்பிடித்து வரைபடம் தயாரிக்கும் பணியில் இருந்தது. கால்கரி நகரத்துக்குச் சொந்தமான அதைத் தன்னார்வலர்கள் மீட்டெடுத்து வந்திருக்கிறார்கள்.

வேறொரு விமானத்தின் வரலாற்றை இப்படித் தேட விரும்பினால் எங்கிருந்து தொடங்குவது?

தொடர் எண்ணிலிருந்து. பிரிட்டிஷ் விமானம் என்றால் மூன்று வகை ஆவணங்கள் உதவும். முதலாவது, ஒவ்வொரு விமானமும் எந்த நாளில் எந்தப் பிரிவுக்கு மாற்றப்பட்டது என்று சொல்லும் நகர்வு அட்டை. ‘படிவம் 78’ என்று பெயர். இரண்டாவது, லண்டன் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஏர் 27’ என்ற வரிசையில் இருக்கும் ஸ்குவாட்ரன் பதிவேடுகள். அவற்றில் ‘படிவம் 540’ நாளின் சுருக்கத்தையும், ‘படிவம் 541’ ஒவ்வொரு விமானத்தின் ஒவ்வொரு பயணத்தையும் தரும். மூன்றாவது, விபத்து அட்டை. அது ‘படிவம் 1180’.

முதலில் நகர்வு அட்டையைப் பார்த்து, விமானம் எந்த ஸ்குவாட்ரனில் எந்த மாதங்களில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த மாதங்களின் 541-ஐப் பக்கம் பக்கமாகப் படியுங்கள். தொடர் எண்ணைத் தட்டச்சு செய்தவர்கள் களைத்த எழுத்தர்கள். ஓர் இலக்கம் மாறிப் பதிவானது சாதாரணம். ஒரே நாளில் ஒரே எண் இரண்டு குழுக்களுக்கு நேரே வந்தால், பக்கவாட்டு எழுத்தையும் புறப்பட்ட நேரத்தையும் ஒப்பிட்டால் எது சரி என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.